கலங்கிய கடலும் கைபட்ட சித்திரமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கடலோர ஊரான பாகான் டத்தோவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், எந்த வீட்டு நடுக்கூடத்தில் அமர்ந்தாலும், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு சமுத்திரத்தைக் காணலாம். அடித்தளத்து மணல் வரை ஊடுருவித் தெரியும் தெளிவும், பவளப் பாறைகளின்மேல் பட்டும் படாமலும் மிதக்கும் வர்ண மீன்களும், பார்த்த மாத்திரத்தில் உடம்பைக் குளிர்விக்கும் நீலமும் கொண்ட சமுத்திரம் அது. அதே கூடத்திலிருந்து எழுந்து சற்றுத் தூரம் நடந்து கரையை அடைந்தால் தெரிகிற சமுத்திரமோ, பேராக் ஆறு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சுமந்து வந்த மண்ணையெல்லாம் மலாக்கா நீரிணையில் இறக்கி வைக்கும் இடமாகையால், ஒட்டுக்கடைத் தே தாரேக்கின் நிறத்தில், முழங்கை ஆழத்துக்கு அப்பால் தன் விரல்களே தனக்குத் தெரியாத கலங்கலோடு, நீர் வற்றிய வேளையில் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறாகவே கிடக்கிறது. இவ்விரண்டு சமுத்திரங்களும் ஓர் ஊரில் இத்தனை காலம் ஒன்றையொன்று விசாரிக்காமல் குடியிருந்து வருவது எனக்கு எப்போதும் வியப்பையே அளித்து வந்திருக்கிறது. சிபாடானும் ரெடாங்கும் தியோமானும் நம் நாட்டுக் கடல்களே என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அவற்றைப் போய்ப் பார்த்தவர்கள் இவ்வூரில் சிலரே, மேற்குக் கரையின் சேற்றில் காலை வைத்து இறால் வலை இழுத்தவர்களும் கெராங் சிப்பி பொறுக்கியவர்களும் பலர். பலருடைய கடல் எதுவோ அது மட்டும் படமாகவில்லை.

நீரடிப் புகைப்படக் கலையில் பேர் வாங்கிய சிலர், வாழ்வின் நடுப்பகுதியில் காமிராவை இரண்டாம் ஸ்தானத்துக்குத் தள்ளிவிட்டு, சிமெண்டையும் வலையையும் கரை ஒதுங்கிய பிளாஸ்டிக்கையும் துணியையும் எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் குழைக்கின்ற கலப்பு ஊடகக் கலைக்கு, அதுவும் சுற்றுச்சூழலின் சீர்கேட்டையே பொருளாகக் கொண்ட கலைக்கு, ஏன் திரும்புகிறார்கள் என்ற விஷயத்தை அந்த நாட்காட்டியின் கீழே உட்கார்ந்து யோசிப்பது பொருத்தமாகவே படுகிறது. கடல் கெட்டு வருவதைக் கண்ணாரக் கண்டவனுக்கு அழகை மட்டும் காட்டிக்கொண்டிருக்க மனம் ஒப்புவதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது மெய்தான், ஆனால் பாதி மெய். மற்றப் பாதி புகைப்படம் என்னும் சாதனத்தின் பிறவியிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்: கடலடியில் அது தெளிந்த நீரில் பிறந்தது, தெளிந்த நீரிலேயே வளர்ந்தது, தெளிவில்லாத நீரும் உலகில் உண்டென்பதையே நம்மை ஏறக்குறைய மறக்கச் செய்துவிட்டது.

பிரெஞ்சு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான், 1893-ஆம் ஆண்டில், மத்தியதரைக் கடலோரத்து பான்யூல்ஸ் என்னும் ஊரின் ஆய்வுக்கூடத்தை அடுத்த நீரில், தம் சகோதரர் துணையோடு செய்துகொண்ட ஒரு பெட்டிக் காமிராவை இறக்கிப் படமெடுத்தார். கடலடிப் புகைப்படத்தின் சரித்திரத்தை அங்கிருந்தே தொடங்குவது வழக்கம். அதற்கு 33 ஆண்டுகளுக்குப் பின், 1926-இல், வில்லியம் லாங்லி என்ற மீனியல் பேராசிரியரும் சார்லஸ் மார்ட்டின் என்ற படக்காரரும் புளோரிடாவின் தெற்கே டிரை டார்ட்டுகாஸ் தீவுகளின் அருகில், ஒரு மிதவையின்மேல் மக்னீசியப் பொடியைக் குவித்து வெடிக்கச் செய்து, அந்த வெளிச்சத்தில் ஒரு மீனை வர்ணத்தோடு பிடித்தார்கள். நேஷனல் ஜியாகிரபிக் சஞ்சிகை 1927 ஜனவரியில் அதை வெளியிட்டது. அந்த வெடியின் அவசியத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சூரிய ஒளி நீரில் இறங்க இறங்கச் சிவப்பு முதலில் மறைகிறது, ஆரஞ்சும் மஞ்சளும் பின்தொடர்கின்றன. ஆழம் கூடக் கூடப் பொருள்களெல்லாம் நீலமும் சாம்பலுமாகி விடுகின்றன. ஆகவே நாட்காட்டியில் நாம் காணும் செம்பவளமும் ஆரஞ்சு மீனும் அந்த ஆழத்தில் எந்தக் கண்ணுக்கும் அவ்வாறு காட்சி தருவதில்லை; மனிதன் கொண்டுபோன விளக்கு ஒரு கணம் அளித்த நிறத்தையே கடலின் நிறமென்று நாம் பூஜித்து வருகிறோம். பாகான் டத்தோவிலிருந்து படகேறிச் செல்லும் புலாவ் செம்பிலான் தீவுகளில், நுண்ணுயிர்கள் இரவில் ஒளிரும் காட்சியை நீலக் கண்ணீர் என்று விளம்பரம் செய்கிறார்கள். அங்கேயும் நெடுநேரம் திறந்து வைத்த காமிரா தீட்டிக் காட்டும் பிரகாசத்தை நம்பிச் சென்றவர்கள், மெல்லிய ஒளிக்கீற்றைத் தம் கண்ணால் கண்டு, முதலில் சிறிது ஏமாறி, பிறகே ரசிக்கத் தொடங்குகிறார்கள். பொய்யென்று இதைச் சொல்ல மாட்டேன். கலை எதுவும் தேர்ந்தெடுத்தே காட்டுகிறது; தேர்ந்தெடுத்தது இன்னதென்று அறிந்திருந்தால் போதும்.

இனி நம் சேற்றைப் பற்றி. மேற்குக் கரை முழுவதும் கண்டல் வனமும் சேற்று நிலமும் ஆதியிலிருந்தே உண்டு. நண்டும் இறாலும் சேற்றில் துள்ளும் மீனும் கொக்கும் அதை நம்பியே பெருகின. இதே மாநிலத்தின் வடக்கே மாத்தாங் கண்டல் வனத்தை, ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்பை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறை வைத்து வெட்டி, மறுபடி நட்டு, கரி சுட்டு, இன்றும் அழியாமல் காத்து வருகிறார்கள். ஆகையால் கலங்கல் என்றாலே களங்கம் என்று நினைப்பது பவளப் பாறைக்காரர்களின் பார்வையே. ஆனால் இந்த ஆற்று முகத்துக்கு வந்து சேரும் மண் எல்லாமே இயற்கை தன் போக்கில் அனுப்பியதன்று. கிந்தா ஆறு கீழ்ப் பேராக்கில் வந்து பெரிய ஆற்றோடு கலக்கிறது. அந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கில்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஈயத்துக்காக மலையடிவாரங்களை நீர்ப்பீரங்கியால் கரைத்தார்கள், சமவெளிகளை ஈயக்கப்பல்களால் புரட்டினார்கள், கழுவி எடுத்த ஈயம் போக மிஞ்சிய மணலையும் சேற்றையும் ஓடைகளில் விட்டார்கள். 1938-இல் கட்டப்பெற்று 1982 வரை உழைத்த தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் ஒன்று பத்து காஜாவுக்கு அருகில் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கிறது. ஈயத்தைத் தொடர்ந்து கித்தா வந்தது. காட்டை வெட்டிச் சரிவுகளை வெளுக்க வைத்த கைகளில் மிகுந்த பங்கு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்து லயங்களில் குடிவைக்கப்பட்ட நம் முன்னோர்களின் கைகள். பால் மரத்தடியை மண்வெட்டியால் புல்லற வைத்திருப்பதே ஆரம்ப காலத் தோட்டங்களில் ஒழுங்கென்று கருதப்பட்டது. மழை பெய்தபோதெல்லாம் அந்த ஒழுங்கு ஆற்றில் இறங்கிற்று. 1906-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓகே வெஸ்டென்ஹோல்ஸ் நிறுவிய ஜெண்டராட்டா தோட்டம் முதலாக, இந்த மாவட்டத்துக் கித்தா, தென்னை, செம்பனைத் தோட்டங்கள் யாவும் ஆறு வளர்த்த மண்ணின்மேல் அணை கட்டி, வடிகால் வெட்டி, கடலைத் தள்ளி நிறுத்திப் பயிரிட்டவை. தெலுக் இந்தானில் 1885-இல் எழுந்த கோபுரம் சாய்ந்து நிற்பதற்கும் இதே இளகிய மண்தான் ஹேது. அதைப் படமெடுக்க வருவோர் மண்ணைப் படமெடுப்பதில்லை.

கடலில் நிற்கும் இந்தக் கலங்கல், ஆகவே, ஒரு வகையில் நம் சரித்திரமே நீரில் தொங்குவதாகும். அதைக் காட்டத் தெளிவு வேண்டும் என்று கேட்கும் கருவியால் அதைக் காட்ட இயலாது. நீரடிக் காமிராவை இங்கே இறக்கினால் கிடைப்பது ஒரே பழுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினால் மிதக்கும் துகள்கள் அந்த வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிப் படம் முழுவதையும் வெண்புள்ளிகளாக்கும். கரைக்கு வந்த பிறகும் இந்தச் சீதோஷ்ணம் காமிராவை விடுவதில்லை. பேராக்கின் கடலோரத்தில் படக்கருவி வைத்திருந்த எவரும் அறிந்த சங்கதி: அரிசி டப்பாவுக்குள் வைத்தாலும், விளக்கெரியும் அலமாரியில் வைத்தாலும், ஒரு மழைக்காலத்தில் கண்ணாடி வில்லையின் உட்புறம் பூஞ்சை நூல் விட்டுப் படர்கிறது, பழைய படச்சுருளின் ஓரத்திலும் அது தன் கோலத்தைப் போட்டுவிடுகிறது. மேற்கத்திய கலைஞர் தீர யோசித்துத் தம் படத்தின்மேல் வேறொரு பொருளை ஒட்டுவதற்கு வெகு முன்பே, இந்த ஊர்க் காற்று நம் குடும்பப் படங்களையெல்லாம் கலப்பு ஊடகமாக்கி விட்டது.

காமிராவை இரண்டாம் ஸ்தானத்துக்குத் தள்ளிய அந்தக் கலைஞர்களில், சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லரை நம் நாட்டோடு உறவுள்ளவர் என்றே கொள்ளலாம். ஆங்கிலேயத் தந்தைக்கும் கயானா நாட்டுத் தாய்க்கும் 1974-இல் பிறந்த அவர், இளமையில் ஒரு பகுதியை மலேசியாவில் கழித்து, இங்குள்ள பவளப் பாறைகளிலேயே கடலோடு முதன்முதல் பழகியவர். லண்டனில் சிற்பம் பயின்று 1998-இல் பட்டம் பெற்று, நீர்மூழ்கு ஆசிரியராகவும் நீரடிப் புகைப்படக்காரராகவும் தொழில் செய்து, பிறகு 2006-இல் கரீபியத் தீவான கிரனடாவின் மொலினியர் குடாவில் சிமெண்டு உருவங்களைக் கடலடியில் நிறுத்தினார். கைகோத்து வட்டமாக நிற்கும் சிறுவர் சிறுமியரின் உருவங்கள் அங்கே பெயர் பெற்றவை. மெக்சிகோவின் கான்கூனில் 2009-இல் தொடங்கிய நீரடிக் காட்சிச்சாலையில், உள்ளூர் மனிதர்களை நேரில் அச்செடுத்து வார்த்த நானூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் கூட்டமாக நிற்கின்றன. அவர் கையாளும் சிமெண்டு கடல்நீரின் இயல்பைக் கெடுக்காதபடி தயாரித்தது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுவதால் பவளமும் கடற்பஞ்சும் பாசியும் அதில் வந்து குடியேறுகின்றன. நீர்மூழ்கும் சுற்றுலாக்காரர்களின் கூட்டத்தை இயற்கைப் பாறைகளிலிருந்து திசைதிருப்புவதும் அந்தக் காட்சிச்சாலையின் நோக்கங்களில் ஒன்று.

இவரிடத்தில் எனக்கு விசேஷமாகப் படுவது பரோபகாரமன்று, கர்த்தா என்ற பதவியை அவர் விட்டுக்கொடுத்த விதம். புகைப்படக்காரன் ஒரு கணத்தைப் பிடித்து, அதன்மேல் இனி எதுவும் நடவாதபடி நிறுத்துகிறான். நடந்தால் அதைச் சேதம் என்கிறான். டெய்லரின் உருவமோ கடலில் இறங்கிய நாளில்தான் ஆரம்பமாகிறது. மூக்கின்மேல் எந்தப் பவளம் வளரும், கண்குழியில் எந்த மீன் ஒதுங்கும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அதன்பின் அவரே மூழ்கிச் சென்று, தம் சிருஷ்டி தமக்கு அந்நியமாகி வருவதைப் படமெடுக்கிறார். காமிரா அங்கே எஜமான ஸ்தானத்திலிருந்து சாட்சி ஸ்தானத்துக்கு இறங்குகிறது. மனிதர்களும் அதில் கைவைக்கக் கூடும் என்பதற்கு மாலத்தீவு ஓர் உதாரணம்: 2018-இல் அங்கே ஓர் உல்லாச விடுதிக்காக அவர் அமைத்த நீர்க்கூடத்தின் மனித உருவங்கள் மதத்துக்கு விரோதமானவை என்று அரசு கருதி, அதே ஆண்டு செப்டம்பரில் போலீஸாரை அனுப்பி அவற்றை உடைத்தெடுத்தது. ஆனாலும் இந்தக் கலையும் தெளிந்த நீரின் கலையே என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. ஐந்து மீட்டர், எட்டு மீட்டர் ஆழத்தில் நிற்பதை மேலிருந்து காணத்தக்க கடல் அதற்கு வேண்டும். பேராக் ஆற்று முகத்தில் அவர் ஓர் உருவத்தை இறக்கினால், இரண்டொரு பருவத்தில் சேறு அதை விழுங்கிவிடும். சேற்றிலிருக்கும் சிற்பத்தைப் பார்க்க யார் டிக்கட் வாங்குவார்கள்?

அமெரிக்காவில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுப் படக்கலைக்கு வந்த கிரிஸ் ஜோர்டானின் போக்கு வேறு. பசிபிக் நடுவிலுள்ள மிட்வே தீவில் 2009 முதல் அவர் எடுத்த படங்களில், செத்த அல்பட்ரோஸ் குஞ்சுகள் மக்கிக் கிடக்க, தாய்ப்பறவைகள் இரையென்று ஊட்டிய புட்டி மூடிகளும் தீமூட்டிகளும் எலும்புக் கூட்டுக்குள் மக்காமல் வர்ணத்தோடு இருக்கின்றன. அவற்றில் ஒரு துண்டைக்கூடத் தாம் நகர்த்தவில்லை என்று அவர் உறுதி கூறினார். அதே ஆண்டில், ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைச் சித்திரத்தைப் பசிபிக்கில் சேகரித்த 24 இலட்சம் பிளாஸ்டிக் துண்டுகளின் படங்களால் இழைத்தும் காட்டினார். மணிக்கு மணி உலகக் கடல்களில் விழும் பிளாஸ்டிக்கின் எடையைப் பவுண்டுக் கணக்கில் மதிப்பிட்டு, பவுண்டுக்கு ஒரு துண்டாக வைத்த தொகை அது. முன்னது என் தூக்கத்தைக் கெடுத்தது. பின்னது என் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டிற்று, ஏனென்றால் கிட்டே போனால் குப்பை, எட்டி நின்றால் ஹொக்குசாய் என்பதைக் கண்டுபிடித்தவுடன் பார்வையாளனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. தொகையைப் புரியவைப்பது ஒரு காரியம். துயரத்தை உணரவைப்பது வேறொரு காரியம்.

இவர்களெல்லாம் காமிராவிலிருந்து பொருளுக்கு நகர்ந்ததைப் புதுமை என்று பேசுகிறோம். அது புதுமையன்று, ஊர் திரும்புதல். இங்கிலாந்தில் ஆன்னா அட்கின்ஸ் என்னும் தாவரவியல் அம்மையார், கடற்பாசிகளின் நுட்பமான உருவத்தைக் கையால் வரைந்து தீராதென்று கண்டு, ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த இரும்பு உப்பு முறையைக் கைக்கொண்டு, உப்புக் கரைசல் பூசிய தாளின்மேல் பாசியையே நேராகப் பரப்பி, வெயிலில் வைத்து, வெறும் நீரில் கழுவியெடுத்தார். பாசி மறைத்த இடம் வெள்ளையாகவும், வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகவும் நின்றது. 1843-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய கிரந்தமே புகைப்படங்களால் ஆன முதல் நூல் என்று கொள்ளப்படுகிறது. அதில் காமிரா இல்லை, வில்லை இல்லை, தூரம் இல்லை. கடலில் பிறந்த ஒன்று தன் உடம்பால் தாளைத் தொட்டுத் தன் உருவத்தைத் தானே பதித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த நீலமும் கடலின் நீலமன்று, இரும்பின் நீலம். பூத்தான் பெட்டியை நீரில் இறக்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே கடல் இவ்வாறு தாளின்மேல் படுத்து எழுந்துவிட்டது.

அந்த அம்மையாரின் வழியை 170 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் மறுபடியும் மிதித்தவர் மாண்டி பார்க்கர் என்ற ஆங்கிலப் புகைப்படக்காரர். கரை ஒதுங்கிய பிளாஸ்டிக்கைக் கரிய பின்புலத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் மாதிரி மிதக்கவிட்டு அவர் எடுத்த படங்கள் பலருக்குத் தெரிந்தவை. 2014-இல், கடற்கரைகளிலிருந்து பொதுமக்கள் பொறுக்கி அனுப்பிய நூற்றுக்கணக்கான கால்பந்துகளைக்கொண்டும் ஒரு வரிசை செய்தார். ஆனால் என் மதிப்பில் அவருடைய மேலான காரியம் பிந்தியது. 2012-இல் ஒரு பாறைக்குழி நீரில் கடற்பாசியென்று எண்ணி அவர் எடுத்த பொருள் கிழிந்த துணியாக இருந்தது. அதிலிருந்து பிரிட்டனின் கரைகளில் அகப்பட்ட ஆடைக் கந்தல்களைச் சேர்த்து, அட்கின்ஸின் அதே இரும்பு உப்பு முறையில் நீலத்தாளில் கிடத்தி, 2025-இல் நூலாக வெளியிட்டார். பழைய நூலையும் புதிய நூலையும் பக்கத்தில் பக்கம் வைத்தால், பாசி எது, ரவிக்கைக் கந்தல் எது என்று சட்டென்று தெரியாது. கூக்குரல் இல்லை, புள்ளிவிவரம் இல்லை. கண்ணின் அந்தத் தடுமாற்றமே செய்தி. நைலானும் பாலியெஸ்டரும் கடலில் தாவரத்தின் ஸ்தானத்தில் உட்கார்ந்துவிட்டன என்பதை இதைவிட அமைதியாகச் சொன்னவரை நான் அறியேன்.

தமிழ்க் கரையில் இந்தத் திருப்பத்தை மேற்கொண்டவர் தமிழரல்லர், தில்லிக்காரர். பொறியியல் படித்து, நச்சுக் கழிவுகளுக்கு எதிராக டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பைத் தோற்றுவித்து, தொழிலாளரையும் யமுனையையும் படமெடுத்து, 2002-இல் ஜெர்மனியின் காசல் நகரத்து டாக்குமெண்டா கண்காட்சியில் இடம்பெற்ற ரவி அகர்வால், 2013 முதல் சில ஆண்டுகள் புதுச்சேரியை அடுத்த மீனவர் கரையில், அங்குள்ள ஒரு மீனவ நண்பரோடு பழகி, கடலுக்குப் போய், நாட்குறிப்பு எழுதி, படமும் அசையும் படமும் பொருள்களும் எழுத்துமாக எல்ஸ் ஆல் வில் பீ ஸ்டில் என்ற வரிசையை உருவாக்கினார். அந்தப் பிரயாசையில் அவருக்கு வழித்துணையாக வாய்த்தது சங்கத் திணைக் கோட்பாடு, அதிலும் நெய்தல். வெளியார் ஒருவர் தொட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: நம் பழம் புலவர்கள் கடலென்று பாடிய இடத்தில் பவளப் பாறையும் நீலத் தெளிவும் அநேகமாக இல்லை, கழி இருக்கிறது, கழிச் சேற்றில் ஓடும் நண்டு இருக்கிறது, தாழையும் கண்டலும் கானலும் உப்பு விளையும் பாத்தியும் மீன் உலரும் மணலும் இருக்கின்றன. அந்தத் திணைக்குப் பெயர் தந்த பூவே ஆழ்கடலைச் சேர்ந்ததன்று, கலங்கிய கழியில் பூப்பது. ஆற்றுமுகத்தில் நின்றுதான் தமிழன் கடலைப் பார்த்தான். அப்படியிருக்க, பாகான் டத்தோவின் பழுப்பைக் கண்டு நாட்காட்டியின்முன் நாணவேண்டிய அவசியம் நமக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

இந்தக் காலத்துக் கழிக்கு வந்து சேருவன வேறு. 2021-இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் சிதறின; 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்தன. ஜவ்வரிசி அளவுள்ள அந்த மணிகளைப் பெண்கள் சல்லடையால் மணலிலிருந்து சலித்தெடுத்த காட்சியைப் பத்திரிகைகளில் கண்டோம். நம் நாட்டிலோ கப்பல் மூழ்கவும் வேண்டியதில்லை: 2018 தொடக்கத்தில் சீனா அயல்நாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவை அடைத்ததும், அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களிலேயே ஏறத்தாழ 7,54,000 டன் மலேசியாவுக்குள் வந்ததாகக் கிரீன்பீஸ் கணக்கிட்டது, சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் அந்தக் குப்பையால் உலகப் பிரசித்தி அடைந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் கொட்டியதும் எரித்ததும் போக மிஞ்சியது மழையில் எங்கே இறங்கும் என்பதை ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் பொறுக்கி ஒட்டி மாட்டிவிட்டால் கலையாகுமா என்ற சந்தேகம் நியாயமானது. குப்பைக்கலை என்ற பெயரில் கோலாலம்பூர் அங்காடி வளாகங்களில் வைக்கும் புட்டித் திமிங்கிலங்களையும் மூடி ஆமைகளையும் கண்டால், குப்பைக்கு இன்னும் சில நாள் ஆயுள் நீட்டித்ததைத் தவிர அவை செய்தது யாதென்று விளங்குவதில்லை. கண்காட்சி முடிந்ததும் அவை மறுபடி லாரி ஏறுகின்றன. பொருளை அறிந்த கை வேறு, பொறுக்கிய கை வேறு. ஆஸ்திரேலியாவின் வடமுனையில் டோரஸ் நீரிணைத் தீவான எருப்பில் வாழும் ஆதிகுடிக் கலைஞர்கள், தென்கிழக்காசிய மீன்பிடிக் கப்பல்கள் முதலியன கடலில் விட்டுவிட்ட வலைகளை அவிழ்த்துப் பின்னி ஆமையும் சுறாவும் செய்கிறார்கள். அவை நிற்கின்றன, ஏனென்றால் வலை அவர்களுக்குப் பிறந்தது முதல் தெரியும், ஆமையும் தெரியும். கணிதம் தெரிந்த வெர்ட்ஹைம் சகோதரிகள் 2005-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கம்பளி நூலால் பின்னத் தொடங்கிய பவளப்பாறையில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் கை சேர்ந்தது. இந்த மாவட்டத்துத் தென்னந்தோட்டப் பெண்களுக்குக் கீற்று முடையவும், மட்டையை ஊறவைத்து நாரெடுக்கவும், ஈர்க்கைச் சீவிக் கட்டவும் தெரியும். கொப்பரைச் சூளையின் புகை எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது தெரியும். இந்த அறிவைக் கைவினை என்று ஒரு படி கீழே வைத்துவிட்டு, அதே நாரை வெளிநாட்டிலிருந்து வந்தவர் சட்டத்துக்குள் மாட்டினால் கலை என்று மேலே வைக்கும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஈப்போவின் பழைய நகரச் சுவர்களில் 2014-இல் எர்னஸ்ட் சக்கரேவிக் வரைந்த சித்திரங்கள் பேராக்கில் பொதுவிடக் கலைக்கு ஒரு ருசியை உண்டாக்கின; வெயிலும் மழையும் அவற்றில் சிலவற்றை உரித்து வருகின்றன, அதனால் அவை கெட்டுப்போகவுமில்லை. அதற்கு அடுத்த படியை இந்த ஆற்றுமுகத்திலிருந்து எடுத்துவைக்க வேண்டும் என்பது என் ஆசை. மண்ணியல் வல்லுநர்கள் சேற்று நிலத்தில் ஒரு நீண்ட குழாயை நேரே இறக்கி, உள்ளே ஏறிய மண்ணை அடுக்குக் குலையாமல் வெளியே எடுத்து, ஆழத்துக்கு ஆழம் காலத்தைப் படிப்பது வழக்கம். பாகான் டத்தோவில் கடல் வற்றும் வேளையில் அப்படி ஒரு மண்தூணை எடுத்து, எதையும் ஒட்டாமல், எதையும் தீட்டாமல், கண்ணாடிக் குழாயில் அப்படியே நிறுத்தினால், அட்கின்ஸின் தாளில் பாசி செய்ததைத்தான் அது செய்யும்: தன்னைத்தானே பதித்துக் காட்டும். அடியில் யாரும் தொடாத கண்டல் காட்டின் கருஞ்சேறு. அதன்மேல் எங்கோ ஓரிடத்தில் கிந்தாவின் ஈய மண்ணும், லயத்துக்கு மேலே சரிவிலிருந்து மழை இறக்கிய செம்மண்ணும். உச்சியில் நைலான் இழையோ ஒரு வெள்ளை மணியோ. எந்த அடுக்கில் எது நிற்கும் என்பதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். முன்கூட்டித் தெரியாமல் இருப்பதே அதைச் சித்திரமாக்குகிறது. பக்கத்தில் விளக்கப் பலகை வேண்டுமானால், தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு கங்காணி வீட்டுப் பாட்டியையும், ஒரு மலாய் மீனவரையும், கெராங் பண்ணை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயையும் நிறுத்தி, அடுக்கடுக்காக அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இதில் ஒரே சங்கடம், சேறு உலர்ந்தால் வெடிக்கும், வெடித்தால் அடுக்குச் சிதறும். படகுத்துறையில் வைத்தால் கடற்காற்றே ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும்; ஈப்போவின் குளிரூட்டிய கூடத்துக்குக் கொண்டுபோவதானால் காலையும் மாலையும் உப்புநீர் தெளிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தைக் கண்காட்சிச் செலவில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்பதைக் கிராணிமார்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.